பெயரில்லாத அச்சும் ஏறுகிற கோடும்

வரைபடத்தின் நிலைக்குத்து அச்சில் அலகு குறிக்கப்படாவிட்டாலும், கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையாவது படித்துவிடலாம் என்று பொதுவாக நம்புகிறோம். இந்த நம்பிக்கை பாதிதான் செல்லுபடியாகும். எந்தப் பாதி என்பதற்குத் திருப்பூர் வட்டாரப் புள்ளிவிவரங்களே போதும்.

முதலில் பஞ்சு. விலை பேசுவது கண்டிக்கு. ஒரு கண்டி ஏறத்தாழ 356 கிலோ. 2021 தொடக்கத்தில் ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் இருந்த கண்டி விலை, 2022 மே மாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அச்சில் கண்டியா கிலோவா என்று எழுதாமல் விட்டாலும் உச்சம் அதே மாதத்தில்தான் விழும். மாறாத எண்ணால் வகுத்தால் கோட்டின் வடிவம் குலையாது. விடுபட்ட அலகு இங்கே ஒரு அசௌகரியம், அவ்வளவே.

ஏற்றுமதியில் கதை வேறு. திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி 2021-22இல் சுமார் 33,525 கோடி ரூபாய், 2022-23இல் சுமார் 34,350 கோடி. கோடு ஏறுகிறது. அச்சை 33,000இல் தொடங்கினால் இரண்டாம் புள்ளி முதலாவதைப் போல் இரண்டரை மடங்கு உயரத்தில் நிற்கும். உண்மை வளர்ச்சியோ இரண்டரை சதவீதம். ஆனால் உயரத்தைவிடப் பெரிய சிக்கல் திசை. டாலரின் ஆண்டுச் சராசரி 74.50 ரூபாயிலிருந்து 80.40 அளவுக்குப் போனது. அதன்படி வகுத்தால் 450 கோடி டாலர் 427 கோடியாகிறது. அதே சரக்கு, அதே ஆண்டுகள், கோடு இறங்குகிறது. வகுக்கும் எண்ணே ஆண்டுக்காண்டு நகரும்போது, அலகில்லாத கோட்டில் திசையைக்கூட நம்ப முடியாது.

எல்லா ஆண்டும் இப்படிக் குழப்புவதில்லை. 2023-24இல் மதிப்பு சுமார் 30,690 கோடி ரூபாயாகச் சரிந்தது. அவ்வாண்டு டாலர் இன்னும் ஏறியிருந்ததால், இரண்டில் எந்த நாணயத்தில் வரைந்தாலும் இறக்கம்தான்: ரூபாயில் ஏறக்குறைய 11 சதவீதம், டாலரில் 13.

இந்தக் கோடு வெள்ளகோவிலுக்கு என்ன சொல்கிறது? ஊர் திருப்பூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் இங்கே ஓடுவது விசைத்தறி. பின்னலாடைக் கணக்கில் அதன் துணிக்கு இடமில்லை. தலைப்பில் 'திருப்பூர் ஏற்றுமதி' என்று மட்டும் போட்டால், தறிக்காரர் தம்மையும் அதில் சேர்த்து வாசிக்க நியாயமுண்டு. அவருக்குக் கூலி நெய்த மீட்டருக்கு; ரூபாயிலும் டாலரிலும் வரைந்த கோட்டில் மீட்டர் தெரியாது. உறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் பஞ்சாக அரைபட்டு ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்லுக்குப் போய் நூலாகித் தறிக்கு வருகிறது. வேஸ்டின் வரத்து, வெட்டிய துணியின் எடையைப் பொறுத்தது. நூல் விலை ஏறியதால் மட்டும் ஆடையின் மதிப்பு கூடிய ஆண்டில் மூட்டை ஒன்றும் கூடியிராது. வெள்ளகோவில் மில்காரருக்கு வேண்டியது கிலோவில் வரைந்த கோடு.