ஊசி போடாத டாக்டர்
எம்.பி.பி.எஸ். முடிச்சிட்டு பொதுச் சுகாதாரம் படிக்கப் போறேன்னதும், "அப்போ ஊசி போட மாட்டியா?"ன்னு பெரியம்மா கேட்டாங்க. சங்கடமாகத்தான் இருந்தது. இந்தப் படிப்பின் வரலாற்றைத் தேடியபோது கிடைத்தவர் ஜான் கிராண்ட். பீக்கிங்கில், 1925இல், மருத்துவ மாணவர்களை வார்டிலிருந்து வெளியே கூட்டிவந்து ஒரு நகர வட்டாரத்தையே வகுப்பறையாக்கியவர். அங்கே பிறப்பு, இறப்புகளைப் பதிவதும் பாடம்தான். 1939இல் கல்கத்தா வந்தார், ராக்பெல்லர் பணத்தில் எழும்பிய அகில இந்திய சுகாதார நிறுவனத்தின் இயக்குநராக. அதன் மாணவர்களுக்குக் களம், சிங்கூர் கிராமங்கள். (பின்னாளில் நானோ கார் தகராறு நடந்த அதே சிங்கூர்!) ஒவ்வொரு டாக்டருக்கும் மூன்று மாதம் நோய்த்தடுப்பு, சமூக மருத்துவப் பயிற்சி வேண்டும் என்று 1946இல் ஜோசப் போர் குழு சொன்னதிலும் கிராண்டின் கை உண்டு.

பெரியம்மாகிட்ட இதையெல்லாம் எப்படிச் சொல்ல? "கிணத்துக்கு குளோரின் போடுவேன்"னேன்.

"அதுக்கா அஞ்சரை வருஷம் படிச்சே?"