துறவியர் சென்ற பின்

சிங்கவரத்துக் குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதரைக் கண்டு செஞ்சிக்குத் திரும்புவோர், சிறுகடம்பூரை அடுத்துள்ள திருநாதர்குன்றையும் காணல் வேண்டும். அங்கே பெரும்பாறை ஒன்றில் தீர்த்தங்கரர் 24 பேரும் வரிசைக்குப் பன்னிருவராகச் செதுக்கப்பெற்றுள்ளனர். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவைக் கூறும் பழங்கல்வெட்டும் அக்குன்றிலே உண்டு.

அதனைக் காணும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு வினா எழும். சமண முனிவர் கார்காலம் நான்கு திங்களே ஓரிடத்தில் தங்குவர்; எஞ்சிய காலமெல்லாம் ஊர் ஊராக நடப்பர். எனவே அவர்தம் பள்ளி, ஆண்டின் பெரும்பகுதியும் ஆளின்றிக் கிடப்பதற்கென்றே அமைந்த வீடு. அதனைக் காத்தவர் யார்?

ஒரு பகுதியைக் கல்தச்சனே காத்துவிட்டான். குகைப் பள்ளிகள் பலவற்றில், முகப்புப் பாறையின் நெற்றியில் நீண்ட காடி ஒன்று வெட்டியிருக்கும். பாறைமேல் வழிந்துவரும் மழைநீர் உள்ளே புகாமல் அவ்விளிம்பிலேயே சொட்டி வெளியே விழும். உள்ளே கற்படுக்கை நனையாது. கதவில்லாத வீட்டுக்கு இதனினும் நல்ல காவல் ஏது? இத்தகைய வேலைக்குப் பொருள் தந்தவர் இல்லறத்தார். செஞ்சி வட்டாரத்து நெகனூர்ப்பட்டியில் ஏறத்தாழ 4-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, அப்பள்ளியைச் செய்வித்தவள் சேக்கந்தியின் தாய் சேக்கந்தண்ணி என்கிறது.

பௌத்தரோ இதற்கென விதியே வகுத்தனர். விநய பிடகத்துச் சுள்ளவக்கம் கூறுவது இது: புறப்படும் பிக்கு மரக்கலம் மட்கலங்களை எடுத்துவைத்து, கதவு சாளரங்களை அடைத்து, இருப்பிடத்தை மற்றொரு பிக்குவிடம் ஒப்படைக்க வேண்டும்; அவர் இல்லையேல் இளந்துறவியிடம், அவரும் இல்லையேல் ஆராமப் பணியாளரிடம். ஒருவருமே இல்லாவிடின் கட்டிலை நான்கு கற்களின்மேல் தூக்கி வைத்து, படுக்கையை அதன்மேல் அடுக்கிவிட்டுச் செல்ல வேண்டும். கூரை ஒழுகுமாயின், இயன்றால் வேய்ந்துவிட்டே புறப்பட வேண்டுமாம். இலங்கைக் குகைக் கல்வெட்டுகளைப் பார்த்தால் காரணம் விளங்கும். நாற்றிசையிலிருந்தும் வந்துள்ள, இனி வரவிருக்கும் சங்கத்தார்க்கே அவை குகையை உரிமையாக்குகின்றன. வராதவரும் உடைமையாளரே, ஆதலின் ஆளில்லாக் குகை உரியவரில்லாக் குகை ஆகாது.

ஆனால் காடியும் விதியும் மட்டும் போதா, வருவாயும் வேண்டும். ஆர்க்காட்டுக்கு அருகிலுள்ள பஞ்சபாண்டவர் மலை முற்காலத்தில் திருப்பான்மலை எனப்பட்டது. அங்குள்ள சமணக் கோயிலுக்குரிய பள்ளிச்சந்த ஊரின் கர்ப்பூரவிலை என்னும் வரியை இலாட அரசர் தாமே எடுத்துக்கொள்ள, அறம் கெடலாயிற்று. முதலாம் இராசராசனின் 8-ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 992-93) இலாடராசர் வீரசோழர் தேவியுடன் அங்கே வழிபட வந்தார். குறையைக் கணவரிடம் எடுத்துரைத்தவள் அத்தேவியே. அரசர் அவ்வரியையும், தறிகளின்மேல் முறையின்றி விதித்திருந்த மற்றொரு தண்டத்தையும் பள்ளிச்சந்தத்துக்கே விட்டுக்கொடுத்துக் கல்லில் வெட்டுவித்தார்.