ரேடியோவுக்கு லைசென்ஸ் எடுத்த காலம்

வீட்டில் ரேடியோ வைத்திருக்க அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும் என்று இன்றைக்குச் சொன்னால் இருபது வயசுப் பிள்ளைகள் நம்புவதில்லை. ஆனால் 1933-ல் வந்த இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் ரேடியோப் பெட்டியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். பாட்டுக் கேட்டீர்களா, கேட்கவில்லையா என்பதெல்லாம் பேச்சே இல்லை. பெட்டி இருக்கிறதா, லைசென்ஸ் எங்கே? அவ்வளவுதான்.

லைசென்ஸ் கொடுத்தது தபால் ஆபீஸ். பாஸ்புக் மாதிரி ஒரு சின்னப் புத்தகம். அதில் பெட்டி எந்தக் கம்பெனி, என்ன மாடல் என்று எழுதியிருக்கும். ஆண்டுதோறும் பணம் கட்டி, அதற்கென்றே அச்சடித்த தலையை ஒட்டி, முத்திரை குத்தி வாங்கிவர வேண்டும். அறுபதுகளில் ஆண்டுக் கட்டணம் 15 ரூபாய். டீக்கடை, முடிதிருத்தும் கடை மாதிரி நாலு பேர் வந்து போகிற இடத்தில் வைத்தால் அது வணிக உரிமம், கட்டணமும் கூடுதல். எங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் நிலப் பத்திரங்களோடு இந்தப் புத்தகமும் இருந்தது. அவர் அதையும் ஒரு சொத்துப் பத்திரமாகத்தான் நினைத்திருக்கிறார் போல.

கட்டாமல் ஏமாற்ற முடியாதா என்றால், அன்றைய வால்வு செட்டை ஒளித்து வைப்பது லேசில்லை. மொட்டை மாடியில் இரண்டு மூங்கிலை நட்டு, நடுவில் செம்புக் கம்பியோ வலைப்பட்டையோ கட்டி ஏரியல் போட்டால்தான் ஸ்டேஷன் தெளிவாகக் கேட்கும். தெருவில் போகிறவன் தலையைத் தூக்கிப் பார்த்தால் எந்த வீட்டில் ரேடியோ இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இந்தப் பதிவு லைசென்ஸைப் பற்றியது மட்டும் இல்லை. சிறு ஊர்களுக்கு ரேடியோ எப்படி வந்தது, யார் காதுக்கு முதலில் போனது என்பதைத்தான் கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தமிழ்நாட்டில் ஒலிபரப்பைத் தொடங்கியது அரசாங்கம் இல்லை, பொழுதுபோக்காக இறங்கிய ஆட்கள். 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் என்று ஒன்று ஆரம்பித்து, அந்த ஆண்டே ஒலிபரப்பவும் செய்தார்கள். அகில இந்திய வானொலி என்ற பெயர் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னால் நடந்தது இது. பணம் போதாமல் 1927-ல் கிளப் நின்றுபோனது. கருவிகளைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரலில் சொந்தமாக ஒலிபரப்பைத் தொடங்கியது. குப்பை அள்ளி, தெருவிளக்குப் போடுகிற ஒரு நகராட்சி அமைப்பு, சாயங்காலமானால் சங்கீதமும் ஒலிபரப்பியது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். வீட்டில் பெட்டி வாங்க முடிந்தவர்கள் சில பேர்தான் என்பதால், மெரினா போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்தார்கள். மாநகராட்சி வரிப்பணத்தில் நடந்த ரேடியோ, எனவே ஜனங்கள் கூடுகிற இடத்தில் கேட்க வேண்டும் என்கிற கணக்கு.

1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. மறு ஆண்டு மே 16-ல் திருச்சி. சென்னை மாநகராட்சியின் ரேடியோ கதை அத்துடன் முடிந்தது. ஆனால் பொது இடத்தில் வைத்து எல்லாருக்கும் கேட்கவிடுவது என்ற பழக்கம் முடியவில்லை, சிறு ஊர்களுக்குப் பரவியது. நகராட்சிப் பூங்காவில் ஒரு சின்ன அறை, மேலே தூண் வைத்த கூண்டு, நாலு பக்கமும் பார்த்தபடி ஒலிபெருக்கிக் குழாய். அறைச் சாவி நகராட்சி ஆளிடம். சாயங்காலம் அவர் வந்து திறந்து, செட்டைப் போட்டு, வால்வு சூடாகிச் சத்தம் வரும்வரை நிற்பார். பிறகு புல்தரையில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்கு அவர் வைத்த ஸ்டேஷன்தான். மாற்றச் சொல்லிக் கேட்க முடியாது. கிராமங்களில் இதே வேலையைப் பஞ்சாயத்து ரேடியோ செய்தது. கரண்ட் வராத ஊரில் பேட்டரி செட். பேட்டரி தீர்ந்தால் அடுத்தது வரும்வரை ரேடியோ மௌன விரதம்.

இந்தப் பூங்கா ரேடியோவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உருகிப்போய் எழுதுகிறார்கள். "ஊரே ஒன்றாக உட்கார்ந்து கேட்டது" என்பார்கள். எனக்கு இந்த வாக்கியத்தில் "ஊரே" என்ற சொல் உறுத்துகிறது. எங்கள் பெரியம்மாவிடம் ஒருமுறை, "பார்க் ரேடியோ கேட்டிருக்கீங்களா பெரிம்மா?" என்று கேட்டேன். "கேட்டிருக்கேன்டா, மாடிக் கைப்பிடிச் சுவத்துல நின்னு" என்றார். பூங்காவுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இரண்டு தெரு. காற்று இந்தப் பக்கம் அடித்தால் கச்சேரி வரும், அந்தப் பக்கம் அடித்தால் வராது. "உள்ள போய் உக்காந்து கேக்கறதுக்கு என்ன?" என்றேன். "அங்க ஆம்பளைங்க உக்காந்திருப்பாங்கல்ல." அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பஞ்சாயத்து ரேடியோவும் அப்படித்தான். அது பஞ்சாயத்து ஆபீஸில் இருக்கும், பஞ்சாயத்து ஆபீஸ் ஊர்த்தெருவில் இருக்கும். சேரியில் இருக்கிறவர் அங்கே வந்து திண்ணையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரோடு சரிசமமாகச் செய்தி கேட்டாரா? ஒலி எல்லாத் திசையிலும் போகும்தான், ஆனால் உட்கார இடம் எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைத்துவிடவில்லை. பொது வானொலியைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அதே சமயம் இந்தக் கூட்டுக் கேட்பினால் நடந்த நல்லதையும் சொல்லாமல் விடக்கூடாது. 1956-ல் புனே பக்கம் 150 கிராமங்களில் யுனெஸ்கோ உதவியோடு ஒரு சோதனை நடந்தது. ஊருக்கு ஒரு குழு, வாரம் இரண்டு நிகழ்ச்சி. கேட்ட பிறகு உட்கார்ந்து விவாதிக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் நிலையத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். அது ஓரளவு பலித்ததும் 1959-ல் இருந்து நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். நம் பக்கத்தில் இதன் தொடர்ச்சி பண்ணை இல்ல ஒலிபரப்பு. தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை நிலையத்தின் ஏ.டி.டி. 27 ரக நெல் பரவியது அறுபதுகளின் நடுவில். ஜப்பானிய ரகம் ஒன்றையும் நம் ஊர் ஜி.இ.பி. 24-ஐயும் ஒட்டுக்கட்டி எடுத்த குறுகியகாலப் பயிர், குறுவைக்குத் தோதானது. விதையைப் பற்றியும், நாற்று விடுவதில் இருந்து உரம் வைப்பது வரைக்கும் திருச்சி வானொலி திரும்பத் திரும்பச் சொன்னது. விவசாயிகளுக்கு ஏ.டி.டி. என்பதெல்லாம் வாயில் நுழையவில்லை. "ரேடியோ நெல்லு" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! கடையில் போய் ரேடியோ நெல்லு விதை வேண்டும் என்று கேட்டார்கள். ஒலிபரப்பின் பெயரை ஒரு பயிருக்குச் சூட்டியது வேறு எங்கே நடந்திருக்கும்?

பின்னாளில் "இன்று ஒரு தகவல்" சொல்லி வீட்டுக்கு வீடு தெரிந்தவரான தென்கச்சி கோ. சுவாமிநாதன்கூட விவசாயம் படித்துவிட்டு, திருநெல்வேலி நிலையத்தில் விவசாய நிகழ்ச்சிகளில் தொடங்கியவர்தான். அந்தப் பேச்சில் இருந்த வரப்பு வாசனை எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரிகிறதல்லவா?

சரி, பாட்டு? அங்கேதான் டெல்லி சறுக்கியது. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. அகில இந்திய வானொலியில் அது ஏறக்குறைய காணாமல் போனது. சாஸ்திரிய சங்கீதம் கேட்டு ஜனங்களின் ரசனை உயரும் என்பது அவர் எண்ணம். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைக் கொஞ்சம் தள்ளி இலங்கை வானொலிக்கு வைத்தார்கள். இலங்கையிடம் பலமான சிற்றலை ஒலிபரப்பி ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் தலைமையிலான தென்கிழக்காசியப் படைகளுக்காக நிறுவியது. போர் முடிந்து இலங்கை கைக்கு வந்தது. சிப்பாய்களுக்காகக் கட்டிய கருவி, காரைக்குடியிலும் கும்பகோணத்திலும் சினிமாப் பாட்டுப் பாடியது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களுக்கே இங்கே ரசிகர் கூட்டம். தோல்வியை ஒப்புக்கொள்ளாத குறையாக, 1957 அக்டோபரில் விவித பாரதி வந்தது.

இதற்கு நடுவில் டிரான்சிஸ்டர் வந்து எல்லாக் கணக்கையும் மாற்றியது. மூங்கில் வேண்டாம், கரண்ட் வேண்டாம், வால்வு சூடாகக் காத்திருக்க வேண்டாம். சட்டப்படி இதற்கும் லைசென்ஸ் உண்டுதான், ஆனால் சேலைத் தலைப்புக்குள் மறைகிற பெட்டியை எந்த அதிகாரி வந்து தேடுவார்? உரிமக் கட்டணம் எண்பதுகளின் நடுவில் ஒரேயடியாக ஒழிந்தபோது சட்டம் கடைசியாக வந்து நடைமுறையோடு சேர்ந்துகொண்டது என்றே சொல்லலாம்.

எழுதுகிறவர்கள் பலர் டிரான்சிஸ்டரைக் குற்றவாளியாக்குவார்கள். ஊர் கூடிக் கேட்டதை அது தனித்தனியாகப் பிரித்துவிட்டது என்று. பூங்காவில் உட்கார இடம் கிடைத்தவர்களுக்கு அது உண்மையாக இருக்கலாம். எங்கள் பெரியம்மாவுக்கு டிரான்சிஸ்டர்தான் முதல் ரேடியோ. பெரியப்பா வாங்கி வந்தது அவருடைய மேஜைக்கு. இரண்டே மாதத்தில் அது அடுக்களை அலமாரிக்கு இடம் மாறிவிட்டது. காலையில் 7.15-க்கு டெல்லியில் இருந்து சரோஜ் நாராயண்சுவாமி செய்தி வாசிக்கும்போது இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கும். பத்து மணிக்கு மேல் இலங்கை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. முள்ளைத் திருப்புவது அவர் கை.

கூடிக் கேட்பது ஒழிந்துபோகவும் இல்லை, வேறு உருவம் எடுத்தது. நேயர் மன்றங்கள்! சீன வானொலி 1963-ல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. பி.பி.சி. தமிழோசை 1941-ல் இருந்தே உண்டு. மாஸ்கோவும் வெரித்தாசும் இருந்தன. இவற்றுக்கெல்லாம் தமிழ்நாட்டின் சின்னச் சின்ன ஊர்களில் மன்றங்கள் இருந்தன. ஒரு தையல் கடை, ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஒரு கூட்டுறவுச் சங்க எழுத்தர், இப்படி எட்டுப் பத்துப் பேர். எந்த அலைவரிசையில் எத்தனை மணிக்குக் கேட்டோம், சத்தம் எப்படி இருந்தது, இரைச்சல் எவ்வளவு என்று எழுதி அனுப்புவார்கள். நிலையம் அதை உறுதிசெய்து வண்ண அட்டை அனுப்பும். பதில் வந்த உறையில் இருக்கிற தபால்தலையை யார் எடுத்துக்கொள்வது என்பதில் மனஸ்தாபம் வந்து பிரிந்த மன்றத்தையும் எனக்குத் தெரியும்.

இந்த மன்றங்களிலும் பெண்கள் பெயர் குறைவுதான். ஆனால் நேயர் விருப்பத்தில் வாசிக்கப்பட்ட பட்டியல்கள் வேறு கதை. ஊர்ப் பெயரோடு, தெருப் பெயரோடு, அக்கா தங்கை தோழி என்று கோர்வையாக வரும் பெண் பெயர்கள். பெரியம்மா இரண்டு முறை எழுதியிருக்கிறார். ஒருமுறை பெயர் வந்தது. பெரியப்பாவுக்குத் தெரியாமல் எழுதியதால் ஊர்ப் பெயரை மாற்றிப் பக்கத்து ஊர் என்று போட்டிருந்தாராம்.