‘காலஞ்சென்ற’ என்ற சொல்லைத் தேடி: மரண அறிவித்தல்களில் ஒரு குடும்பத்தின் தடம்

எங்கள் வீட்டில் 1995 ஒக்டோபருக்கு முந்திய கடதாசி எதுவும் இல்லை. வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது ஐயா காணி உறுதிகளை எடுத்தார், அம்மா அடையாள அட்டைகளை எடுத்தார். அப்பப்பாவின் தகரப் பெட்டி வீட்டிலேயே நின்றுவிட்டது. எடுத்துப்போன உறுதிகளும் பிறகு வன்னியில் போயின. ஊரையும் ஆண்டையும் மாற்றிப் போட்டால் இதை வாசிக்கும் பலரது வீட்டுக் கதையும் இதுதான்.

அதன் விளைவை நான் ஒரு திவசத்தின்போதுதான் உணர்ந்தேன். ஐயர் தந்தை, பேரன், பூட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். மூன்றாவது பெயரைச் சொல்ல அந்த வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை. சொல்லக்கூடியவர்கள் செத்துவிட்டார்கள், அல்லது மறதி நோயோடு வெளிநாட்டில் இருக்கிறார்கள்.

வீட்டில் அழிந்த கடதாசி வேறெங்கோ ஒரு பிரதியாக இருக்கலாம். நம் சமூகத்தில் ஒரு குடும்பத்தை ஆள் ஆளாகப் பெயர் சொல்லி அச்சில் ஏற்றுவது மரண அறிவித்தல் ஒன்றுதான். பிறப்பும் கலியாணமும் பேப்பரில் வந்தாலும் இவ்வளவு பெயர்களோடு வருவதில்லை. ஆறு வருடங்களாக எங்கள் உறவுக்குள் வந்த அறிவித்தல்களைத் தேடிச் சேர்த்து வருகிறேன். அதில் பிடிபட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

அறிவித்தலின் வாய்ப்பாடு எல்லோருக்கும் பழக்கமானது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர். அன்னார் இன்ன தம்பதிகளின் அன்பு மகன், இன்னாரின் அன்புக் கணவர் என்று போகும். பழக்கத்தினாலேயே பாதியை வாசிக்காமல் விட்டுவிடுகிறோம். பிறப்பிடம், வதிவிடம், தற்காலிக வதிவிடம் என்று அடுக்கி வரும் ஊர்கள் ஒருவரின் இடப்பெயர்வு வரிசை. புங்குடுதீவு போன்ற இடங்களுக்கு வட்டார இலக்கமும் வரும். அது தேடும் பரப்பைச் சில நூறு வீடுகளாகச் சுருக்கிவிடும். பெற்றோரைக் குறிக்கும் ‘தம்பதிகளின்’ என்ற சொல்லுக்கு முன்னால்தான் பெரும்பாலும் ஒரு பூட்டியின் சொந்தப் பெயர் அகப்படும். வேறு எங்கும் அந்தப் பெண் ‘திருமதி கந்தையா’ என்றோ ‘கந்தையர் பெண்சாதி’ என்றோதான் இருப்பார்.

பிள்ளைகளின் பெயர்கள் வழமையாக மூத்தவரிலிருந்து வரிசையாக வரும். மருமக்களின் பெயர்களும் அதே வரிசையில்தான் வரும். இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் யார் யாரைக் கட்டினார் என்பது தெரியும். ஐந்து பிள்ளைகளுக்கு நான்கு மருமக்கள் என்றால், ஒருவர் கலியாணம் செய்யாதவராக இருக்கலாம், பிரிந்தவராக இருக்கலாம், அல்லது வீட்டுக்குப் பிடிக்காத கலியாணம் செய்தவராக இருக்கலாம். கடைசி வகை நாங்கள் ஒத்துக்கொள்வதைவிட அதிகம். சாதி விட்டுக் கட்டியவரை அறிவித்தலிலிருந்து வெட்டிய குடும்பங்கள் எனக்குத் தெரியும். ஆகவே ஒரு பெயர் இல்லாததை வைத்து அந்த ஆள் இல்லை என்று முடிவெடுக்க வேண்டாம். அறிவித்தலில் இருப்பவர்கள் குடும்பம் காட்ட விரும்பியவர்கள்.

உறவுச் சொற்களிலும் கவனம் வேண்டும். ‘மருமகன்’ மகளின் புருஷனாகவும் இருக்கலாம், ஒரு ஆணின் சகோதரியின் மகனாகவும் இருக்கலாம். ‘மைத்துனர்’ அதைவிட அகலமான சொல். ஆனால் ‘பெறாமகன்’ என்று வந்தால் ஐமிச்சமில்லை: ஆணுக்கு அது சகோதரனின் மகன், பெண்ணுக்குச் சகோதரியின் மகன். ‘சகலன்’ என்றால் இருவரின் மனைவிமாரும் சகோதரிகள். இந்தச் சொற்கள் பிள்ளைகளுக்கு விளங்காமல் போகும் நாட்கள் தொடங்கிவிட்டன. கனடாவில் இருக்கும் என் மருமகள் ‘சகலன்’ என்றால் ‘எல்லோரும்’ என்று நினைத்திருக்கிறாள்.

எனக்கு அதிகம் உதவிய சொல் ‘காலஞ்சென்ற’ என்பதுதான். ஒரு அறிவித்தல் அதற்குரியவர் இறந்த நாளைச் சொல்கிறது. அதே நேரம் அதில் வரும் மற்ற ஒவ்வொருவரும் அன்றைக்கு உயிரோடு இருந்தாரா இல்லையா என்பதையும் சொல்கிறது. அப்பப்பாவின் தமக்கை எப்போது இறந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. 1972இல் வந்த ஒரு அறிவித்தலில் அவர் பெயர் வெறுமனே இருக்கிறது. 1979இல் வந்த இன்னொன்றில் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ ஏறிவிட்டது. ஏழு வருட இடைவெளிக்குள் தேடினால் போதும் என்றாயிற்று. 1976ஆம் ஆண்டுப் பேப்பர் ஒன்றில், ‘நன்றி நவிலலும் அந்தியேட்டி அழைப்பும்’ என்ற தலைப்பின் கீழ் அவரைக் கண்டேன்.

இப்படி மரண அறிவித்தல் அகப்படாத இடத்தில் அதன் பின்னால் வருபவை அகப்படும். முப்பத்தோராம் நாள் அழைப்பில் வீட்டு விலாசம் இருக்கும். வேலைத்தலமும் பழைய மாணவர் சங்கமும் போடும் கண்ணீர் அஞ்சலியில் தொழிலும் பள்ளிக்கூடமும் இருக்கும். ஆண்டு நினைவஞ்சலியில் எத்தனையாவது ஆண்டு என்று இருப்பதால் பின்னோக்கி எண்ணலாம். ஆனால் நினைவஞ்சலி திதிப்படி வந்திருந்தால் ஆங்கிலத் தேதி சில நாட்கள் முன்பின்னாகும்.

இவற்றுக்கெல்லாம் மேலானது கல்வெட்டு. அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கும் சிறு புத்தகம். பழைய கல்வெட்டுகளில் திதி வெண்பாவும், வம்சத்தைச் செய்யுளாகச் சொல்லும் பகுதியும் இருக்கும். தேவாரம் பாடியபின் அலுமாரிக்குள் போட்டு மறந்துபோன அந்தப் புத்தகங்களைத் தூரத்து உறவுக்காரர் வீடுகளில் கேளுங்கள். செத்தவர் வீட்டில் இல்லாதது செத்தவீட்டுக்கு வந்தவர் வீட்டில் இருக்கும்.

பேப்பர்களை எங்கே பார்ப்பது? வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் கொழும்பில் தொடங்கின. யாழ்ப்பாணத்தில் ஈழநாடு 1959இலும் உதயன் 1985இலும் தொடங்கின. அதற்கு முந்திய காலத்துக்கு 1841இல் தொடங்கிய உதயதாரகையும் 1889இல் தொடங்கிய இந்துசாதனமும் உண்டு. ஆனால் அவற்றில் படித்த, வசதியான ஆட்களின் மரணங்களே அதிகம். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகளைப் பார்க்கலாம். வீட்டிலிருந்தபடி பார்க்க, 2005இலிருந்து இயங்கும் நூலகம் இணையத்தளம் இருக்கிறது. பத்திரிகைகளோடு நினைவு மலர்களும் அதில் இருக்கின்றன. பெரும்பாலானவை பக்கங்களின் படங்கள் என்பதால் பெயரைத் தட்டித் தேடினால் உள்ளே இருக்கும் அறிவித்தல் வராது. ஆண்டும் மாதமும் தெரிந்திருக்க வேண்டும். மேலே சொன்ன ‘காலஞ்சென்ற’ கணக்கு அதற்குத்தான்.

மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போனவர்களின் குடும்பங்களுக்கு இன்னொரு வழி உண்டு. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் பெயரைத் தட்டித் தேடலாம். றெயில்வே எழுதுவினைஞர்களின் இடமாற்றம், இளைப்பாறல், மரணம் எல்லாம் அங்கே செய்தியாக வந்திருக்கும். ஒரே பெயரை நாலைந்து ஆங்கில எழுத்துக்கூட்டலில் தட்டிப் பாருங்கள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர்தான் முன்னால் நிற்கும். அதனால் தலைமுறைக்குத் தலைமுறை தேடும் பெயர் மாறும் என்பதையும் மறக்கக்கூடாது.

சொத்து வைத்துவிட்டு இறந்தவர் என்றால் பழைய அரச வர்த்தமானியையும் பாருங்கள். யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்தின் மரணசாதன வழக்கு அறிவித்தல்களில் இறந்தவர், மனுதாரர், எதிர்மனுதாரர் என்று வாரிசுகளின் பெயர்கள் வரும். எதிர்மனுதாரர் என்பதை வைத்துக் குடும்பச் சண்டை என்று நினைக்க வேண்டாம். மனுப் போடாத மற்ற வாரிசுகளை அப்படித்தான் எழுதுவார்கள்.

கிடைக்காதவையும் நிறைய. 1981 ஜூன் முதலாம் திகதி ஈழநாடு காரியாலயம் எரிந்தது. அதே நாட்களில் எரிந்த யாழ். பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் போயின. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பத்திரிகைக் கடதாசி இல்லாமல் யாழ்ப்பாணப் பேப்பர்கள் பக்கத்தைச் சுருக்கின, கொப்பித் தாளில்கூட அச்சாகின. இலங்கை வானொலியில் மட்டும் வாசிக்கப்பட்ட அறிவித்தல்கள் காற்றோடு போய்விட்டன. அறிவித்தல் போடக் காசு வேண்டும் என்பதும் இருக்கிறது. கூலி வேலை செய்து செத்தவரைப் பேப்பரில் தேடுவதைவிட மரணப் பதிவில் தேடுவது நல்லது.

2009இன் முதல் ஐந்து மாதங்களில் வன்னியில் இறந்தவர்களுக்கு அறிவித்தல் என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. அவர்களை வேறு ஆட்களின் அறிவித்தல்களில்தான் தேட வேண்டும். 2010க்குப் பின் இறந்த தாய்மாரின் அறிவித்தல்களை வாசியுங்கள். பிள்ளைகளின் வரிசையில் ‘காலஞ்சென்ற’ என்ற அடையோடு இரண்டு, மூன்று பெயர்கள் வரும். பேரப்பிள்ளைகளின் வரிசையிலும் வரும். அந்தப் பிள்ளைகளின் பெயர் அச்சில் வந்த ஒரே இடமாக அது இருக்கக்கூடும். ஒவ்வொரு மே மாதமும் வரும் நினைவஞ்சலிகளில் ஒரே கட்டத்துக்குள் நாலைந்து படங்களோடு வருபவற்றையும் வெட்டிச் சேர்த்து வையுங்கள்.

இனி என் சித்தப்பாவின் விடயம். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. 2016இல் அப்பாச்சி இறந்தபோது அறிவித்தலில் அவருடைய பெயர் எந்த அடையும் இல்லாமல், உயிரோடு இருக்கும் மற்றப் பிள்ளைகளின் பெயர்களோடு வந்தது. அப்பாச்சி சாகும்வரை அப்படித்தான் சொன்னார், ஆகவே அப்படித்தான் போட்டோம். 2021இல் லண்டனில் பெரியப்பா இறந்தபோது அங்குள்ள பிள்ளைகள் ‘காலஞ்சென்ற’ என்று போட்டுவிட்டார்கள். சித்தி அந்த அறிவித்தலைக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. பிறகு இணையத்திலிருந்த பிரதியில் மட்டும் ‘காணாமல் ஆக்கப்பட்ட’ என்று மாற்றினார்கள்.

நான் மேலே சொன்ன கணக்கின்படி, ஐம்பது வருடம் கழித்து இந்த அறிவித்தல்களைப் பார்க்கும் ஒருவர் சித்தப்பா 2016க்கும் 2021க்கும் இடையில் இறந்தார் என்று எழுதிக்கொள்வார். அதனால் எங்கள் கோப்பில் இரண்டு அறிவித்தல்களுக்கும் இடையே ஒரு தாள் வைத்திருக்கிறேன். அவரைக் கடைசியாகக் கண்டவர் யார், எங்கே, எந்தத் திகதி, எங்கெங்கே முறைப்பாடு கொடுத்தோம், அந்த இலக்கங்கள் என்ன என்று சித்தி சொல்லச் சொல்ல எழுதியது. காணாமல் ஆக்கப்பட்டவர் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு தாள் இருக்க வேண்டும். மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வழி செய்திருக்கிறது. அதை எடுப்பதும் விடுவதும் குடும்பத்தின் முடிவு. எடுக்காதவர்களின் காரணத்தையும் அந்தத் தாளில் எழுதுங்கள்.

அறிவித்தல் ஒன்று அகப்பட்டால் அடுத்த படி பதிவாளர் அலுவலகம். மரணம் நிகழ்ந்த இடத்தின் பதிவாளர் பிரிவில்தான் பதிவு இருக்கும், பிறந்த ஊரில் இராது. யாழ்ப்பாணத்தவர் வவுனியா ஆஸ்பத்திரியில் இறந்தால் வவுனியாவில் கேட்க வேண்டும். அறிவித்தலில் உள்ள வயதையும் திகதியையும் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். செத்தவீட்டு அவதியில் தொலைபேசியில் சொல்லி எழுதியவை பிழைப்பது வழமை.

படம் எடுக்கும்போது அறிவித்தலை மட்டும் எடுக்காமல், பேப்பரின் பெயரும் திகதியும் தெரியும்படி பக்கத்தின் தலைப்பையும் சேர்த்து எடுங்கள். வெட்டிய துண்டு என்றால் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். அறிவித்தலின் அடியில் உள்ள தொலைபேசி இலக்கங்களையும், உயிரோடு இருப்பவர்களின் விபரங்களையும் மறைக்காமல் பொதுவெளியில் போடாதீர்கள். பெயர் வெளியில் வருவதால் இன்னும் பிரச்சினைக்குள்ளாகக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.