மூன்று குவியல்கள்

மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில், கரைக்குத் திரும்பும் ஒவ்வொரு தோணியின் சிப்பிகளும் மூன்று குவியல்களாகப் பிரிக்கப்படும். பிரிப்பவர்கள் குளியாட்கள். எந்தக் குவியல் அவர்களுக்கு என்று கைகாட்டுபவர் அரசு அதிகாரி. மற்ற இரண்டும் அரசாங்கத்துக்கு. ஆங்கிலேயர் காலத்தில், குறிப்பாக இலங்கைப் பக்கச் சலாபங்களில், இதுதான் நடைமுறை.

கேக் வெட்டும்போது வீட்டில் நாம் செய்வதுதான் இது. ஒருத்தர் வெட்டணும், இன்னொருத்தர் எடுக்கணும். வெட்டுகிறவருக்கு எந்தத் துண்டு வரும் என்று தெரியாததால் சமமாகத்தான் வெட்டுவார். காவலரோ தராசோ தேவையில்லை. நிரல் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் மரியாதை உண்டு. ஏமாற்ற முயல்பவருக்கே நஷ்டம் வரும்படி ஒரு விதியை அமைப்பது சின்ன விஷயம் இல்லை.

குவியல்கள் சமம், சந்தேகமில்லை. ஆனால் மூன்றில் இரண்டு ஏன் அரசுக்கு? உயிரைப் பணயம் வைத்து மூழ்குகிறவருக்கு ஏன் ஒன்று? அந்த விகிதத்தை முடிவு செய்தபோது யாரும் குளியாளை அழைத்து வெட்டச் சொல்லவில்லை. விளையாட்டு நேர்மையாக நடக்கிறதா என்பது ஒரு கேள்வி. விளையாட்டின் விதி நியாயமானதா என்பது வேறு கேள்வி. ராமநாதபுரம் கடற்கரையின் முத்து வரலாற்றைப் படிக்கும்போது, முதல் கேள்விக்குப் பதில் சொல்லியே இரண்டாவது கேள்வியை மறக்கவைக்கும் பழக்கம் எவ்வளவு பழையது என்று தெரிகிறது.

சூதாட்டத்தின் கதையாக இதைப் பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. அரசு முத்து விற்கவில்லை. திறக்காத சிப்பியை விற்றது. மாலையில் தன் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டது. வாங்கியவர் சிப்பிகளை நாட்கணக்கில் அழுகவிட்டு, புழுவும் ஈயும் மொய்க்கும் அந்தக் குழம்பைத் தண்ணீரில் அலசி, அடியில் என்ன தங்குகிறது என்று பார்க்க வேண்டும். கோடீஸ்வரனாகலாம், வெறும் ஓட்டோடு எழுந்து போகலாம். குளியாட்கள் தங்கள் பங்கிலிருந்து கரையில் நிற்பவர்களுக்குச் சில்லறையாகவும் விற்றார்கள். சில காசு கொடுத்து நாலைந்து சிப்பி வாங்கி, அங்கேயே கத்தியால் திறந்து பார்ப்பார்கள். அந்தச் சலாபத்தைப் பார்த்த வெள்ளைக்காரர்கள் பலர் அதை லாட்டரி என்றே எழுதிவைத்தார்கள்.

இத்தனைக்கும் அரசு ஒளிவுமறைவாக நடக்கவில்லை. சலாபம் தொடங்கும் முன் பார்களிலிருந்து ஆயிரக்கணக்கில் மாதிரிச் சிப்பி எடுத்து, கழுவி, கிடைத்த முத்துக்களை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இன்ன மதிப்பு என்று அறிவித்தார்கள். வாங்குகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் ஏலத்துக்கு வந்தார். இந்த அளவு வெளிப்படைத்தன்மை இன்றைய பல நிறுவனங்களிடம்கூட இல்லை.

சிக்கல் சராசரியில் இருக்கிறது. பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றும் இருக்காது, அல்லது தூசி மாதிரி பொடிமுத்து இருக்கும். மதிப்பு முழுவதும் அபூர்வமாகக் கிடைக்கும் சில நல்ல முத்துக்களில் தங்கியிருக்கிறது. கணக்குக்காக ஆயிரத்தில் ஒரு சிப்பியில்தான் நல்ல முத்து என்று வைத்துக்கொள்வோம். பத்து சிப்பி வாங்குகிறவருக்கு ஒன்றுமே கிடைக்காமல் போக 99 சதவீத வாய்ப்பு. ஆயிரம் வாங்கினால் அது 37 சதவீதமாகக் குறைகிறது. பத்தாயிரம் வாங்குகிறவர் வெறுங்கையோடு போகும் வாய்ப்பு லட்சத்தில் நாலைந்துதான். அதே சிப்பி, அதே விலை, அதே அறிவிப்பு. ஏலத்தில் பெரிய அளவில் எடுக்கும் செட்டியாருக்கோ மரைக்காயருக்கோ பம்பாய் வியாபாரிக்கோ அது முதலீடு. கரையில் நிற்கும் கூலிக்காரருக்கு அது சூதாட்டம். அரசுக்கு இரண்டும் இல்லை, நிச்சய வருமானம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ஆனாலும் மூவருக்கும் ஒரே விளையாட்டு மூன்று வேறு விளையாட்டாகிவிடுகிறது.

நாலாவது ஆள் குளியாள். அவருக்குக் கூலி பணமாக இல்லை, சிப்பியாக. அதாவது சம்பளமே லாட்டரிச் சீட்டு. அந்த ஒரு குவியலும் முழுதாக அவருக்கு இல்லை. தோணிக்காரருக்கு ஒரு பங்கு, மேலே கயிறு பிடிப்பவருக்கு ஒரு பங்கு. முன்பணம் வாங்கியிருந்தால் சம்மாட்டியிடம் கணக்குத் தீர்க்க வேண்டும்.

கடலின் ஆபத்தை யார் தலையில் வைப்பது என்ற கேள்விக்கு இந்தக் கரை ஆரம்பத்திலிருந்தே ஒரு பதில் வைத்திருந்தது. கிறிஸ்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ், கொற்கையில் முத்துக்குளிப்பில் ஈடுபட்டவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்கோ போலோ, அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, மந்திரத்தால் சுறாக்களின் வாயைக் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு என்று எழுதுகிறார். பத்தில் ஒன்று எங்கே, மூன்றில் இரண்டு எங்கே!

இந்தச் சுறா மந்திரவாதிகள் ஆங்கிலேயர் காலத்திலும் நீடித்தார்கள். கடல்கட்டி என்று பெயர். அவர்கள் கரையில் நின்று மந்திரம் சொல்லாமல் குளியாட்கள் இறங்க மாட்டார்கள் என்பதால் அரசே அவர்களை வேலைக்கு வைத்தது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னன்ட், அந்தப் பரம்பரைப் பதவியில் இருந்தவர் ரோமன் கத்தோலிக்கர் என்று வியப்போடு பதிவுசெய்கிறார். எனக்கு அது வியப்பாக இல்லை. சுறாவுக்கு எந்த மதமும் தெரியாது. பயத்துக்கும் அப்படித்தான்.

ஆனால் கரைக்கு மதம் தெரியும். 1530களில் பரதவர்கள் கூட்டமாகக் கத்தோலிக்கத்துக்கு மாறியதில், முத்துக்குளிப்பு உரிமைக்காக முஸ்லிம் வணிகர்களோடு இருந்த மோதலுக்கும் போர்த்துகீசியரின் பாதுகாப்புக்கும் பெரிய பங்கு உண்டு. கீழக்கரை முஸ்லிம் குளியாட்களும் தூத்துக்குடி பரதவர்களும் ஒரே கடலில், ஒரே மாதிரிக் கல்லைக் காலில் மாட்டி மூழ்கினார்கள். மூழ்குவதற்கான அந்தக் கல்தான் உரிமையின் அலகும். மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், ராமநாதபுரம் சேதுபதிக்கு இத்தனை கல், பரதவர் சாதித் தலைவருக்கு இத்தனை கல் என்று வரியில்லாத உரிமைகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்களும் இந்த முறையை ஒப்பந்தங்களில் தொடர்ந்தார்கள். உரிமை தலைவர்கள் வழியாகத்தான் கீழே இறங்கியது. குளியாள் கேள்வி கேட்பதென்றால் முதலில் தன் சாதித் தலைவரையோ சம்மாட்டியையோ தாண்ட வேண்டும். எதிர்க்குழுவுக்கு எத்தனை கல் என்று எண்ணிக்கொண்டிருந்த கரையில், குளியாட்களுக்கு மொத்தத்தில் எவ்வளவு என்று சேர்ந்து கேட்கும் குரல் எழுவது கடினம். பிரிந்து கிடக்கும் சமூகத்தில் பதில் சொல்லும் கடமை இப்படித்தான் காணாமல் போகிறது.

அதன் உச்சம் 1905. இலங்கைப் பக்கம் மறிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் எட்டு கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. அரசு வருமானம் சுமார் 25 லட்சம் ரூபாய். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், அரபு வளைகுடா என்று எல்லா இடத்திலிருந்தும் குளியாட்கள் வந்தார்கள். மறு ஆண்டே அரசு இருந்த கொஞ்ச நிச்சயமின்மையையும் கைகழுவியது. ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் என்ற கணக்கில் 20 ஆண்டுகளுக்குப் பார்களை லண்டன் கம்பெனி ஒன்றுக்குக் குத்தகைக்கு விட்டது. 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாயின. சில ஆண்டுகளில் கம்பெனி கலைந்தது. அந்தப் பக்கம் அடுத்த சலாபம் 1925இல்தான். இந்தியப் பக்கம் தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961இல் முடிந்தது.

முத்து போனது. அதன் கணக்குமுறை போகவில்லை.

1968இல் தமிழ்நாடு அரசு லாட்டரிச் சீட்டு விற்கத் தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற முழக்கம் இன்றும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். திறக்காத சிப்பியின் தத்துவத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. சீட்டு வாங்குகிறவர்தான் ஆடுகிறார், நாடு ஆடுவதில்லை. 2003 ஜனவரியில் லாட்டரி தடை செய்யப்பட்டது. அடுத்து கைபேசியில் ரம்மி வந்தது. அதில் ஏலக்காரர் இடத்தில் செயலி இருந்தது. யார் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒவ்வொரு மேசையிலும் அதற்கு ஒரு பங்கு போனது. 2023 அக்டோபரில் கட்டும் பணத்தின் மேல் 28 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது, அது அரசின் குவியல்.

தமிழ்நாட்டில் இதைத் தடுக்க நடந்த சட்டப் போராட்டம் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியது: ரம்மி திறமையா, அதிர்ஷ்டமா? 2021இல் வந்த முதல் தடைச் சட்டத்தை அந்த ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022இல் நிறைவேறிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த நவம்பரில் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்பதால் அவற்றின் மீதான தடையை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் சட்டம்தான் திறமை, அதிர்ஷ்டம் என்ற பிரிவைத் தாண்டி, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு அனைத்தையும் தடை செய்தது.

முத்துக்குளிப்பில் திறமை இல்லை என்று யார் சொல்வார்கள்? மூச்சை அடக்கி, கலங்கிய நீரில் பாரைத் தடவிச் சிப்பி சேர்ப்பவரிடம் இருப்பது அசல் திறமை. அந்தத் திறமையால் சிப்பிக்குள் முத்தை வரவழைக்க முடியவில்லை, குவியல் விகிதத்தை மாற்றவும் முடியவில்லை. ஆட்டத்தில் திறமை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால், தோற்றால் தாங்கக்கூடியவர் யார் என்ற கேள்வி வெளியே நின்றுவிடும். மாதக் கூலியில் பாதியை இழக்கிறவரும், மிச்சப் பணத்தில் விளையாடுகிறவரும் ஒரே மேசையில் ஒரே சீட்டுக்கட்டில்தான் ஆடுகிறார்கள். பத்து சிப்பிக்காரரும் பத்தாயிரம் சிப்பிக்காரரும்போல.

2018இல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டிலிருந்து எடுத்துக்கொண்டவை இரண்டு: விருதுநகர், ராமநாதபுரம். உலகத்து ராணிகளின் கழுத்துக்கு முத்துகள் போன கரை அது.

சலாப அட்டவணைகள் அழகானவை. ஆண்டு, தோணிகள், சிப்பிகள், அரசு வருமானம் என்று வரிசையாக இருக்கும். ஊர் திரும்பிய குளியாள் கையில் எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதற்கு அதில் இடமில்லை. இன்று வரி வசூல் எவ்வளவு என்று மாதாமாதம் தெரிகிறது. எந்த வருமானக்காரர் எவ்வளவு இழந்தார் என்ற கணக்கு செயலிகளின் சர்வர்களில் பைசா சுத்தமாக இருக்கும். அதை வெளியிடச் சொல்லிக் கேட்பதற்குத் தடைச்சட்டம்கூட வேண்டியதில்லை. தடை மறுபடி தளரலாம், வேறு பெயரில் வேறு விளையாட்டு வரலாம். அப்போது அது திறமையா என்று விசாரிக்கும் முன், மூன்று குவியல்களில் எது யாருக்கு, விகிதத்தை முடிவு செய்தது யார் என்று கேட்டாக வேண்டும்.