வீட்டை உரிமையாளர் விற்றால் வாடகைதாரர் வெளியேற வேண்டுமா? கேரள எல்லைப் பகுதிகளில் சட்டம் சொல்வது என்ன?

பாலக்காடு: "வீட்டை விற்கப் போகிறோம், மாதக் கடைசிக்குள் காலி செய்துவிடுங்கள்" என்று உரிமையாளர் கூறியவுடன் மூட்டை கட்டத் தொடங்கும் வாடகைதாரர்கள் பலர். ஆனால் கேரளத்தின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையில் உள்ள இடங்களில், விற்பனை என்பது வாடகைதாரரை வெளியேற்றுவதற்கான காரணமே அல்ல.

வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் முதல் இடுக்கி மாவட்டத்தின் குமுளி, மறையூர், மூணாறு வரை எல்லையோரப் பகுதிகளில் ஏராளமான தமிழர்கள் வசிக்கின்றனர். இவர்களில் வாடகைக்கு இருப்போர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கட்டடம் எந்த மாநிலத்தில் உள்ளதோ அந்த மாநிலச் சட்டமே பொருந்தும் என்பதாகும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள புதிய வாடகைச் சட்டம், எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்கியது. சோதனைச் சாவடிக்கு மறுபுறம் அது செல்லாது. கேரளத்தில் பொருந்துவது, 1965ஆம் ஆண்டின் கேரளக் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம்.

இச்சட்டத்தின் 11ஆவது பிரிவு, அதில் கூறப்பட்டுள்ள வழிமுறைகளைத் தவிர வேறு எவ்வகையிலும் வாடகைதாரரை வெளியேற்றக் கூடாது என்கிறது. வாடகை பாக்கி, உரிமையாளரின் சொந்தத் தேவை, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், கட்டடத்தின் மதிப்பைக் குறைக்கும் வகையில் பயன்படுத்துதல், இடித்துக் கட்ட வேண்டிய நிலை, ஆறு மாதங்கள் தொடர்ந்து பூட்டிக் கிடத்தல் போன்றவை அதிலுள்ள காரணங்கள். "விற்க வேண்டும்" என்பது அவற்றில் இல்லை.

அப்படியானால் விற்கவே முடியாதா? தாராளமாக விற்கலாம். வாடகைதாரர் குடியிருக்கும் நிலையிலேயே சொத்து கைமாறும். பழைய உரிமையாளரின் இடத்துக்குப் புதியவர் வருவார். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 109ஆவது பிரிவும் இதையே கூறுகிறது. விற்பனை நடந்ததை அறியாமல் பழைய உரிமையாளருக்கு வாடகை கொடுத்துவிட்டால், அதே வாடகையைப் புதியவருக்கு மீண்டும் கொடுக்க வேண்டியதில்லை. முன்பணம்தான் பெரும்பாலும் தகராறுக்கு உள்ளாகிறது. அதைத் திருப்பித் தரும் பொறுப்பு யாருடையது என்பதைக் கிரயம் முடிவதற்கு முன்பே மூன்று தரப்பினரும் எழுத்தில் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

வாங்கியவர், தாம் குடியேற வேண்டும் எனக் கூறி உடனே வழக்குத் தொடரவும் இயலாது. பத்திரத்தின் தேதியிலிருந்து ஓராண்டு முடிந்த பிறகே, சொந்தத் தேவை என்ற காரணத்தின் கீழ் வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தை அவர் அணுக முடியும் என்கிறது 11(3) உட்பிரிவின் நிபந்தனை. வாடகைதாரருக்கு இந்த ஓராண்டு மிகப் பெரிய அவகாசம். பலரும் இதை அறியாமல் இழக்கின்றனர்.

சொந்தத் தேவை எனக் கூறி வெளியேற்ற உத்தரவு பெற்றபின் கட்டடத்தை விற்றுவிடும் தந்திரத்துக்கும் சட்டம் தடை போட்டுள்ளது. உத்தரவு பெற்றவர் சொத்தை மாற்றிக் கொடுத்தால், வாங்கியவர் தமக்கோ தம்மைச் சார்ந்த குடும்பத்தினருக்கோ அக்கட்டடம் உண்மையாகவே தேவை என்பதை நிரூபிக்க வேண்டும். கட்டடத்தைத் திரும்பப் பெற்ற உரிமையாளர் தக்க காரணமின்றி ஒரு மாதத்துக்குள் குடியேறாவிட்டாலும், குடியேறி ஆறு மாதத்துக்குள் காலி செய்தாலும், வெளியேற்றப்பட்டவர் மீண்டும் இடம் கோரி விண்ணப்பிக்கலாம்.

கடை வைத்திருப்போருக்குக் கூடுதல் பாதுகாப்பு ஒன்று உண்டு. அந்தக் கடையின் வருமானமே முக்கிய வாழ்வாதாரமாக இருந்து, அப்பகுதியில் தகுந்த வேறு கட்டடமும் கிடைக்காத நிலையில், சொந்தத் தேவையின் பேரில் வெளியேற்ற முடியாது. ஆனால் இவ்விரண்டையும் நிரூபிக்கும் சுமை வாடகைதாரர் மீதே விழுகிறது. கணக்குப் புத்தகம், உரிமம், வரி ரசீது ஆகியவை இல்லாமல் வாய்மொழியாகக் கூறுவது நீதிமன்றத்தில் எடுபடுவது கடினம்.

இந்தச் சட்டம் கேரளம் முழுவதற்கும் தானாகப் பொருந்திவிடுவதில்லை. அட்டவணையில் உள்ள பகுதிகளுக்கும், அரசு அறிவிக்கை மூலம் சேர்த்த பகுதிகளுக்கும் மட்டுமே பொருந்தும். எனவே எல்லையோர ஊராட்சிகளில் வசிப்போர், தங்கள் பகுதி அதில் உள்ளதா என்பதை வழக்கறிஞர் மூலமோ உள்ளூர் நீதிமன்றத்திலோ உறுதி செய்துகொள்ள வேண்டும். இல்லையெனில் சொத்து மாற்றுச் சட்டமே வழி. அதன்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், மாத வாடகைக் குடியிருப்பை 15 நாள் நோட்டீஸ் மூலம் முடித்துவிடலாம். பாதுகாப்பு இங்கே வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆயினும் நோட்டீஸ் காலம் முடிந்தபின் உரிமையாளர் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் செல்ல வேண்டும். பூட்டை உடைத்துப் பொருட்களை வெளியே வைக்க அவருக்கு உரிமை இல்லை. அவ்வாறு வெளியேற்றப்பட்டவர், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6ஆவது பிரிவின்படி, ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தொடர்ந்து இடத்தைத் திரும்பக் கோரலாம்.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தும் இடங்களில், நெருக்கடி கொடுப்பதற்காக மின்சாரத்தையோ குடிநீரையோ துண்டிப்பதை 13ஆவது பிரிவு தடை செய்கிறது.

வாடகைதாரர்கள் செய்யும் பெரிய தவறு, கோபத்தில் வாடகையை நிறுத்திவிடுவது. வழக்கு நடக்கும் காலத்திலும் ஒப்புக்கொண்ட வாடகையைச் செலுத்தி வந்தால்தான் எதிர்வாதம் செய்ய முடியும். தவறினால் 12ஆவது பிரிவின் கீழ் விசாரணையை நிறுத்தி, இடத்தை ஒப்படைக்குமாறு நீதிமன்றம் உத்தரவிடலாம். உரிமையாளர் வாங்க மறுத்தால், மணியார்டர் அல்லது வங்கி வழியாக அனுப்பிச் சான்றை வைத்துக்கொள்ள வேண்டும்.

இடுக்கியில் பட்டா சிக்கல் உள்ள நிலங்கள் அதிகம். "உங்களுக்கே பட்டா இல்லை, எப்படி விற்பீர்கள்?" என்று கேட்கத் தோன்றலாம். வாடகைக்கு வந்தவர் உரிமையாளரின் உரிமையை மறுப்பது பெரும்பாலும் அவருக்கே பாதகமாக முடியும். தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் வேறு வகை: அவை வேலையுடன் இணைந்த குடியிருப்புகள் என்பதால், அங்குள்ள தகராறுகள் தொழிலாளர் சட்டங்களின் வழியே அணுகப்பட வேண்டியவை.

வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தின் உத்தரவை எதிர்த்து 30 நாட்களுக்குள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். அதன்பின் எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர் நீதிமன்றத்தில் சீராய்வு கோரலாம். ஒப்பந்தம் மலையாளத்தில் எழுதப்பட்டிருந்தால், கையெழுத்திடும் முன்பே அதைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது. "விற்பனையின்போது காலி செய்வேன்" என்ற வரி அதற்குள் இருக்கக்கூடும்.