துண்டும் செக்றோலும் நோயாளியின் ஏடும்: லிந்துலைத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

தீராநோயாளியின் வலியைத் தணித்தல் தனியொரு மருத்துவரால் இயலுவதன்று. 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ், உடல், உளம், சமூகம், ஆன்மிகம் ஆகிய நான்கும் கலந்ததே நோயாளியின் வலி என்றார். ஆகவே மருத்துவர், தாதி, சமூகப் பணியாளர், குடும்பத்தார் அனைவரும் ஒரே செய்தியை அறிந்திருத்தல் வேண்டும். அதற்கு இன்று கணினிப் பதிவேடுகள் துணையாகின்றன. லிந்துலை போன்ற இடத்தில் அவை எவ்வாறு அமைதல் வேண்டும் என ஆராயுமுன், தோட்டங்களில் மனிதரைப் பற்றிய ஏடுகள் யாருக்காக எழுதப்பட்டன என்பதை நோக்குதல் தகும்.

கடன் தீர்க்கப்பட்டால் ஆட்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுத்த தாள் ‘துண்டு’ எனப்பட்டது. தொழிலாளியின் கடன் அதில் இருந்தது. அவனது காய்ச்சல் இல்லை. 1921இல் சட்டம் அதனை ஒழித்தது. செக்றோலோ நாட்பேரைக் கணக்கிட்டது. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டமும், அதன் வழிவந்த 1912ஆம் ஆண்டுச் சட்டமும் வைத்திய வசதிக்கு வழிசெய்தன என்பது மெய்யே. ஆயினும் நோயுற்றோரை அறிந்து ஆவன செய்யும் பொறுப்பு துரையிடமே விடப்பட்டது. வேலையாளின் உடல்நலம் வேலை கொள்வோனின் கணக்கில் அடங்கிற்று. கொழுந்தெடுத்த கை ஓய்ந்தபின் செக்றோலில் பெயரில்லை. அப்பெயர் வேறெந்த ஏட்டில் இருந்தது?

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தமும், 1992இல் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றமையும் உடைமையின் வரலாறு. நோயாளியின் பாதை வேறு. லிந்துலை வைத்தியசாலை, நுவரெலியா, மகரகம புற்றுநோய் வைத்தியசாலை என அது நீளுகிறது. அப்பாதை நெடுகிலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நோயறி அட்டையைப் பொலித்தீன் பையிலிட்டுச் சுமப்பவள் பெரும்பாலும் மகளே. குழுவினரிடையே செய்தி கொண்டு செல்லும் அவளால் அச்செய்தியைப் படிக்க முடிவதில்லை.

இலண்டனில் 2010இல் தொடங்கிய கணினிப் பதிவேடொன்று, எங்கே உயிர்விட விரும்புகிறார் என்ற நோயாளியின் விருப்பத்தைக்கூட அவசர ஊர்தியினர் அறியச் செய்தது. 2022இல் அதனிடத்தை வேறொன்று பெற்றது. எனினும் நமக்கு அணுக்கமான உதாரணம் கேரளமே. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம் அயலாரைப் பயிற்றிப் பராமரிப்பில் இணைத்தது. 2008இல் மாநில அரசு அதற்கெனக் கொள்கை வகுத்தது. லயத்தில் ஒரு காம்பராவின் முனகல் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். அங்கே அயலாரைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை.

இலங்கைச் சுகாதார அமைச்சும் 2019–2023 காலத்துக்கு நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென வியூகக் கட்டமைப்பொன்றை வகுத்தது. அவ்வழியில் லிந்துலைக்கெனப் பதிவேடு ஒன்று அமையுமாயின் அது தமிழில் இருத்தல் வேண்டும். எழுத அறியாதார் பேசிப் பதியவும் இடந்தருதல் வேண்டும். தோட்ட அலுவலகத்தின் கண்ணுக்கு அது எட்டலாகாது. துண்டின் வரலாறு அறிந்தோர்க்கு இதன் காரணம் விளங்கும். மோர்பின் கொடுத்த நேரத்தையும், அதன் பின்னும் தாய் உறங்கவில்லை என்பதையும் மகள் நள்ளிரவில் கைத்தொலைபேசியில் சொல்லி வைத்தால், காலையில் தாதி முதலில் கேட்பது அக்குரலாக இருக்கும்.